முதுகுச் சுமையும் முகத்து நாணமும்

முதுகிலே பெருஞ்சுமை; கையிலே ஒரு நூல்; உடலிலே கந்தல்; கண்ணிலே நீர். ஊரை விட்டு ஓடுகிறான் ஒருவன். மனைவி அழைக்கிறாள், மக்கள் கதறுகின்றனர். காதுகளில் விரலை இட்டுக்கொண்டு ஓடுகிறான். ஏன் ஓடுகிறான்? கடன் கொடுத்தவன் துரத்துகிறானா? காவலர் துரத்துகின்றனரா? இல்லை, தோழர்களே! அவனைத் துரத்துவது அவன் முதுகிலேயே ஏறியிருக்கிறது. தான் பாவி என்ற எண்ணம்தான் அந்தச் சுமை.

1678-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஜான் பனியன் என்பார் வெளியிட்ட கதை இது. ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்தவர் அவர். அரசின் இசைவின்றிச் சமயம் பேசினார் என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். (அவர் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நம் வகுப்பு மாணவர்கள் சிரித்துவிட்டனர். பெருமாநல்லூரில் பனியன் என்றால் தைப்பதற்கும் மடிப்பதற்கும் உரிய பொருளே தவிர, படிப்பதற்கு உரிய ஆள் அல்லவே!) அக்கதையின் முதற் பாகத்தைத் தழுவி, 216 ஆண்டுகள் கழித்து, 1894-இல் தமிழில் வெளிவந்த பெருங்காப்பியமே எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ண பிள்ளை. கம்பனைக் கரைத்துக் குடித்தவர். கிறித்தவக் கம்பர் என்று அவரை அழைப்போர் உண்டு.

இந்த நூலை நாம் கையில் எடுத்தது புலமை பெறுவதற்காக அன்று. ஒரு தவறு செய்திருந்தோம், அதனால் எடுத்தோம்.

சென்ற ஆண்டின் நடுப்பகுதி. பன்னிரண்டாம் வகுப்பிலே ஒரு மாணவனின் பணம், ஆறு நூறு ரூபாய், காணாமற்போயிற்று. வகுப்பின் கண்கள் ஒருவன்மேல் திரும்பின. நம் கண்ணும் திரும்பிற்று. ஏன் அவன்மேல்? அவன் தந்தை குடிப்பவர், சட்டையின் காலர் கிழிந்திருந்தது, கடைசி வரிசையில் அமர்பவன். பகுத்தறிவு பேசும் வாய்க்கு அன்றைக்கு இவ்வளவு சான்று போதுமானதாக இருந்தது! அவனை முன்னே அழைத்து, பையைத் திறக்கச் சொன்னோம். பொருள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தான். பணம் இல்லை. மறுநாள் அப்பணம் உரியவன் வீட்டிலேயே அகப்பட்டது. அதற்கு மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

உறக்கம் பிடிக்காத சில நாட்களுக்குப் பின், உடன் பணிபுரியும் கிறித்தவ நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் அறிவுரை ஏதும் கூறவில்லை. மறுநாள் இக்காப்பியத்தைக் கொணர்ந்து கொடுத்து, “சுமை விழும் இடத்தைப் படித்துப் பாருங்கள்” என்றார். படித்தோம். ஒரு முறை அன்று, மூன்று முறை படித்தோம்.

கவிதை என்ற அளவில் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பனியன் சில வரிகளில் கடந்துபோகும் சிலுவையைக் கிருஷ்ண பிள்ளை விரித்துப் பாடுகிறார். இயேசுவின் பாடுகள் முழுமையும் காப்பியத்துக்குள் வந்துவிடுகின்றன. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்கள் அமைகின்றன. அவற்றைப் படிக்கும்போது அயல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணமே எழாது. தன்னைத்தான் தாழ்த்திக்கொண்டு, நாயென்றும் பேயென்றும் இழித்துக்கொண்டு, ஆண்டவன் அடியில் விழுந்து அழும் மரபு தமிழுக்குப் புதிதா? ஆழ்வார்களும் நாயன்மார்களும் போட்டுக் கொடுத்த பாட்டை அல்லவா அது! மாணிக்கவாசகரின் கண்ணீரும் பனியனின் கண்ணீரும் ஒரே கால்வாயில் கலந்து ஓடுகின்றன இங்கே. ஆகவே, குற்றவுணர்வைக் கிறித்தவம்தான் கொண்டுவந்து இறக்கியது என்று கூறும் நம் தோழர்கள் சிலர், சற்றே வீட்டுப் புத்தக அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும்.

நம் வினா வேறு. சுமை எங்கே விழுகிறது? சிலுவையின் அடியில். எப்படி விழுகிறது? அவிழ்ப்பார் இன்றித் தானே கழன்று, உருண்டோடி, ஒரு கல்லறைக்குள் மறைந்துவிடுகிறது. பனியனின் கதையில் ஒளிவீசும் மூவர் அப்போது வருகின்றனர். ஒருவர், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். ஒருவர் கந்தலைக் களைந்து புத்தாடை அணிவிக்கிறார். ஒருவர் நெற்றியில் அடையாளம் இட்டு, முத்திரையிட்ட ஓர் ஓலைச் சுருளைத் தருகிறார். பயணி துள்ளிக் குதித்துப் பாடிக்கொண்டு போகிறான்.

நன்று. மிகவும் நன்று. ஆனால், அந்த மேட்டிலே இருப்பவர் யார் யார்? சுமந்தவன் இருக்கிறான். சுமையை ஏற்ற தேவன் இருக்கிறான். வானவர் மூவர் இருக்கின்றனர். எவனுக்குத் தீங்கு செய்ததால் அந்தச் சுமை ஏறிற்றோ, அவன் எங்கே? அவனை யாரேனும் அழைத்தனரா? அவன் வந்து, ‘ஆம், மன்னித்தேன்’ என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா? கடன் வாங்கியது ஒருவனிடம். வரவு எழுதித் தருவது இன்னொருவரா?

கிறித்தவ நண்பர் இதற்கு விடை வைத்திருந்தார். மனிதனுக்கு இழைக்கும் தீங்கு மனிதனைப் படைத்தவனுக்கும் இழைக்கும் தீங்குதான். அவன் மன்னித்தபின், மன்னிப்புப் பெற்றவன் தானாகவே தீங்குற்றவனை நாடிச் செல்வான் என்றார். மறுக்கத்தக்க விடை அன்று. ஆனால் காப்பியம் அதைக் காட்டவில்லையே! சுமை இறங்கிய பயணி ஊர் திரும்புவதே இல்லை. வானகரை நோக்கி முன்னேதான் நடக்கிறான். கதறிய மனைவியிடமாவது திரும்பி வந்து ஒரு சொல் சொன்னானா? பனியனுக்கே இது உறுத்தியது போலும்! 1684-இல் இரண்டாம் பாகம் ஒன்று எழுதி, மனைவியையும் மக்களையும் அவன் பின்னே பயணப்படுத்தினார்.

அக்கதையில் இன்னொரு பாத்திரம் வருகிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. பயணியின் துணைவனாக வரும் உண்மையுள்ளவன் வழியிலே ஒருவனைச் சந்தித்ததாகக் கூறுகிறான். அவன் பெயர் வெட்கம். பெயர்தான் வெட்கம், ஆளோ வெட்கம் கெட்டவன்! சமயம் பேணுவது ஆண்மைக்கு இழுக்கு, பெரிய மனிதர் யார் இப்படி வாழ்கின்றனர், சொற்பொழிவு கேட்டு அழுவது இழிவு என்றெல்லாம் அடுக்குகிறான். அடுக்கிக்கொண்டே வந்தவன், அண்டை வீட்டானிடம் சிறு பிழைக்காக மன்னிப்புக் கேட்பது மானக்கேடு, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது மானக்கேடு என்றும் சொல்கிறான். இந்த இடத்தில் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். ஏனெனில், இரண்டு மாதமாக நம் காதில் ஓதிக்கொண்டிருந்தவன் அவனேதான். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா? அதுவும் வகுப்பறையிலா? நாளை எவன் நம் பேச்சைக் கேட்பான்? சிலுவையடியில் நமக்குக் கிடைக்காத பாடத்தைச் சிறையிலிருந்த பாத்திரக்காரர் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவர் ஆவோம். காப்பியத்தில் இல்லாதது கிறித்தவத்தின் மூல நூலிலே இருக்கிறது. காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது, உன்மேல் உன் உடன்பிறந்தானுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு கூறியதாக மத்தேயு எழுதுகிறார். வரி தண்டுவோர் தலைவனான சக்கேயு, எவரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். நான்கு மடங்கு! கண்ணீருக்குக் கணக்கில்லை, காசுக்குக் கணக்கு உண்டு. நமக்கு இந்தச் சக்கேயுவைப் பிடித்திருக்கிறது.

தமிழ் அச்சின் தொடக்கமே இந்தக் குற்றவுணர்வோடு பின்னிக் கிடக்கிறது என்பதைத் தோழர்கள் பலர் அறியார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்த இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு. அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வந்தது. மூன்றாவதாக 1580-இல் வந்த நூல் எது தெரியுமா? பாவசங்கீர்த்தனம் செய்வது எவ்வாறு என்று கற்பிக்கும் ‘கொம்பெசியொனாயரு’! திருக்குறள் அச்சேறுவதற்கு 232 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழன் தன் குற்றங்களைக் குருவின் காதில் சொல்லுவதற்கான கையேடு அச்சேறிவிட்டது. இதை ஏளனமாக நாம் சொல்லவில்லை. கடற்கரையில் வலையிழுப்பவனும் சங்கு குளிப்பவனும் தன் செயலைத் தானே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஓர் அச்சுநூல் எதிர்பார்த்தது சிறிய செய்தியா? தலையெழுத்து, ஊழ்வினை, முற்பிறப்பு என்று பழியைத் தூக்கி எங்கோ வீசும் பழக்கத்துக்கு எதிரே, ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லச் சொன்னது. அந்த அளவில் அது ஒரு படி மேல்.

நம் ஊரிலே பங்குனித் திங்களில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம். விடியும்முன் கூட்டம் கடல்போல் நிற்கும். மஞ்சள் ஆடை உடுத்தியோர் தணல்மேல் நடப்பர். நேர்த்திக்கடனுக்காக நடப்போரும் உண்டு. செய்த பிழை தீர நடப்போரும் உண்டு. தணல் யாரையும், யாருக்கு என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டு கேட்கிறது. கேட்பது மட்டுமன்று, திருடிய பொருளை உரியவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் கத்தோலிக்கப் போதனை சொல்கிறது. இன்று அச்சடங்குக்கு ஒப்புரவு என்று பெயர் இட்டிருக்கின்றனர். அருமையான பெயர். வள்ளுவர் ஒப்புரவு என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே அது ஊருணியில் நீர் நிறைந்தாற்போல் ஊருக்குப் பயன்படுவது. இறைவனோடு ஒப்புரவு ஆவதற்கும் ஊரோடு ஒப்புரவு ஆவதற்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பதுதான் கேள்வி.

இதுவரை பேசியது குற்றவுணர்வு. இனி நாணம். இரண்டும் ஒன்று என்று எண்ணுவதால்தான் இத்தனைக் குழப்பமும். நான் செய்தது தவறு என்பது குற்றவுணர்வு. நானே தவறு என்பது நாணம். அதிலும் பெரும்பாலும், பிறர் நம்மேல் பூசிய நாணம். நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், தகாத செயலுக்கு நாணுவது ஒன்று, மகளிர் நாணம் என்று உலகம் சொல்வது வேறொன்று என்று பிரித்து வைத்துவிட்டார். பிரித்து வைத்ததைக் கலந்து கட்டி, ஒரே மூட்டையாக முதுகில் ஏற்றினால் என்ன ஆகும்?

திருவிதாங்கூரின் தென்பகுதியைப் பாருங்கள். இன்றைய குமரி மாவட்டம். நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். மேல்சாதியார் முன்னிலையில் மறைப்பது குற்றம்! நாணம் பெண்ணுக்கு அணி என்று பாடிய நாடு, நாணத்தை மறைக்க ஒரு முழத் துணியை மறுத்த நாடு. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணிந்தனர், பின்னர் தோள்சீலை அணிந்தனர். 1822 முதல் கலகம். சந்தையிலே துணியைக் கிழித்தனர். பள்ளிகளும் கோயில்களும் எரிந்தன. 1859-இல் மன்னரின் ஆணை வந்த பிறகே மேலாடை உரிமை கிடைத்தது. இந்தப் பெண்கள் பாவிகளா? எந்தச் சுமையை இறக்க அவர்கள் சிலுவையடிக்கு வரவேண்டும்? அவர்கள் மேல் இருந்தது பாவம் அன்று; பிறர் பூசிய இழிவு. அதை இறக்கியது கண்ணீர் அன்று, துணி. அந்தத் துணியை உடுத்தும் துணிவைக் கிறித்தவ வாழ்க்கை தந்தது என்பதை நாம் மறைக்க மாட்டோம். தன்மானம் எங்கே பிறந்தாலும் நமக்கு உறவுதான்.

ஆனால் அதே கிறித்தவத்தின் மறுபக்கமும் இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெரும் பாவலர். சரபோசி மன்னரின் நண்பர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியவர். பாவத்துக்காக உருகும் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் கோயில்களில் ஒலிக்கின்றன. 1829-இல் புதிய குருமார், தாழ்த்தப்பட்டோரோடு கலந்து அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்று வேளாளக் கிறித்தவரை வற்புறுத்தினர். சாஸ்திரியார் வெகுண்டார். சாதியைத் திருத்துவது பைத்தியம் என்று தலைப்பிட்டே எழுதினார். பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைக் கைவிட்டே ஆக வேண்டும் என்று ஆணையிட்டபோதும் வேளாளர் பலர் இசையவில்லை. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தன் நெஞ்சின் மூலை முடுக்கெல்லாம் விளக்கெடுத்துத் தேடி, பாவி பாவி என்று அரற்றியவர் அவர். பக்கத்தில் ஒரு மனிதனை அமரவிடாத செயல் மட்டும் அந்த விளக்கின் கண்ணில் படவே இல்லை. அழத் தெரியாதவர் அல்லர்; எதற்கு அழுவது என்பதைச் சாதி அவருக்குத் தேர்ந்து கொடுத்துவிட்டது.

இதுதான் நாம் கண்ட பெருங்குறை. உள்முகமாகத் திரும்பிய குற்றவுணர்வுக்கு எல்லை கிடையாது. எண்ணத்தில் தோன்றிய சிற்றாசைக்கும் அது அழும். ஆனால் ஊரே சேர்ந்து செய்யும் தீங்கு அதற்குத் தெரியாது. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்குப் பீடம் ஒன்று. மக்கள் அமரும் கூடம் இரண்டு. சாதிக்கு ஒரு கூடம், நடுவே தடுப்பு. இரு புறத்தாரும் ஒரே குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தனர். அந்தத் தடுப்பை எவரேனும் பாவமாகச் சொல்லியிருப்பாரா? 1910-இல் கௌசானல் என்ற பிரெஞ்சுக் குரு அதை இடித்தார். இடித்தவர்மீது வழக்குத் தொடுத்தனர்! சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்று தோற்றனர். ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இந்த வரலாற்றை விரித்து எழுதியிருக்கிறார். நம் இளைஞர் மன்றங்களில் படிக்க வேண்டிய நூல். சுவர் இடிந்தது 1910-இல். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறித்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டபோது கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டது 2008-இல்.

இந்துக் கோயிலில் இது இல்லையா என்று கேட்பீர். அங்கே தடுப்பையே திருவருள் என்றனர்; கேட்க வேண்டியதே இல்லை. நாம் இங்கே பேசுவது, மனச்சான்றைத் தன் பெரும்பொருளாகக் கொண்ட ஒரு சமயத்தின் காப்பியத்தைப் பற்றி. மனச்சான்றை இத்தனைக் கூர்மையாகத் தீட்டியவர்களிடம்தானே, கத்தி எங்கே வெட்டவில்லை என்று கேட்க முடியும்?

கிருஷ்ண பிள்ளையின் நூலை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தபோது இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், “அது சரி, மாணவனைப் போய்ப் பார்த்தீரா?” என்றார். பார்க்கவில்லை. திறனாய்வு எழுதும் அளவுக்குக் காப்பியத்தைப் படித்துவிட்டோம். கம்பெனி வாசல் நான்கு கல் தொலைவு, அங்கே போகவில்லை.

அன்று மாலை போனோம். வேலை முடிந்து வெளியே வந்தான். தலைமுடியில் பஞ்சுத் துகள். நம்மைக் கண்டதும் செருப்பை ஒதுக்கிவிட்டு நின்றான். உன்னை ஐயுற்றது தவறு, வகுப்பின் முன் நிறுத்தியது அதனினும் தவறு என்று சொன்னோம். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“திருடன்னு நெனச்சதுகூடப் பரவால்லீங்க சார். பையத் தொறக்கச் சொன்னீங்களே, அதுல போசியில பழைய சோறு இருந்துச்சுங்க. எல்லாரும் பாத்துட்டாங்க.”

இரண்டு மாதமாக நாம் சுமந்தது வேறு சுமை. அவன் சுமந்தது வேறு சுமை. திருட்டுப் பழியை எண்ணி நாம் குற்றவுணர்வில் கிடந்தோம். அவனோ பழைய சோற்றுக்காக நாணிக் கிடந்தான். சோற்றை நாம் கவனிக்கவே இல்லை. கேளாமல் எப்படித் தெரியும்?

வகுப்பில் சொல்லட்டுமா என்று கேட்டோம். சற்று எண்ணினான். “நீங்க சொல்லுங்க சார். என்னையக் கூப்புடாதீங்க. சோத்தப் பத்திச் சொல்லாதீங்க” என்றான்.

திங்கட்கிழமை முதற் பாடவேளையில் வகுப்பின் முன் நின்று, அவன் பெயரைச் சொல்லி, நாம் செய்தது தவறு என்றோம். கால் நடுங்கியது. பணத்தைத் தொலைத்த மாணவன் எழுந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை, நின்றுகொண்டே இருந்தான். பாடம் தொடங்கியபின்தான் அமர்ந்தான். கடைசி வரிசைக்காரன் இன்னும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கவில்லை. தேர்வுப் பெயர்ப்பட்டியல் அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வியாழக்கிழமை மாலை மறுபடியும் கம்பெனி வாசலுக்குப் போகிறோம்.